மலைப்பள்ளிக்கு மாறுதல் வாங்கும் ஆசிரியருக்கு: இருளர் மொழியை வகுப்புக்குள் கொண்டுவந்த அனுபவம்

கலந்தாய்வில் மலைப்பகுதிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கப் போகிற, அல்லது வேறு வழியில்லாமல் அங்கே போய்ச் சேரப் போகிற இடைநிலை ஆசிரியர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. கோவை மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். சுற்றியுள்ள பதிகளிலிருந்து, அதாவது பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து, வரும் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் இருளர் பழங்குடியினர். அவர்கள் வீட்டில் பேசும் மொழியை வகுப்பறைக்குள் கொண்டுவரும் முயற்சியில் என் கைப்பணம் ஒரு லட்சத்துக்கு மேல் கரைந்தது. துறையிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பல இரவுகள் தூக்கம் இல்லாமல் போயின. இத்தனைக்குப் பிறகும் அது செய்தே ஆகவேண்டிய வேலை என்றுதான் நினைக்கிறேன். எந்த இடத்தில் தடை வரும், யாரிடம் முதலில் பேச வேண்டும், எந்தத் தாளை எப்போது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை. உங்களுக்காவது அது தெரிந்திருக்கட்டும்.

தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்ய எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்தபோது குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலைகளாகப் பிரிக்கச் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் மொட்டிலும் மலரிலும் ஆளே இல்லை என்று சொல்லலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அரும்பிலேயே நின்றார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது மற்ற ஆசிரியர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். மலைப் பிள்ளைகள் அப்படித்தான், மெதுவாகத்தான் வருவார்கள், கவலைப்படாதீர்கள் என்றார்கள். அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எதைக் கேட்டாலும் தரையைப் பார்ப்பான். ஒரு மதியம் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருந்த அக்கா, அவரும் இருளர்தான், எத்தனை தட்டு இருக்கிறது, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், இன்னும் எத்தனை தட்டு வேண்டும் என்று அவனிடம் தங்கள் மொழியில் கேட்டார். அவன் சட்டென்று விடை சொன்னான். முந்தின நாள் எத்தனை முட்டை மிஞ்சியது என்பதையும், யாரும் கேட்காமலே சொன்னான். கழித்தல் தெரியாதவன் என்று திட்டத்தின் மதிப்பீட்டுச் செயலியில் பதிவாகியிருந்த பையன் அவன்.

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அந்தக் குழந்தைக்கு முதல் வகுப்பில் தமிழும் புது மொழி, ஆங்கிலமும் புது மொழி. நாம் இருமொழிக் கொள்கை என்று பெருமையோடு சொல்வது அவனுக்கு மும்மொழிச் சுமை. 1938-லும் 1965-லும் தன் மொழிக்காகத் தெருவில் இறங்கிய மக்கள் நாம். டெல்லியிடம் நாம் கேட்கும் நியாயத்தை ஒரு மலைக் கிராமத்துக் குழந்தை நம்மிடம் கேட்க உரிமை உண்டு. அவனுக்குக் கேட்கத் தெரியாது என்பதால் நமக்குக் கடமை இல்லாமல் போய்விடாது.

ஆகவே நீங்கள் அந்தப் பள்ளியில் சேர்ந்ததும் முதலில் செய்ய வேண்டியது இது. மதிப்பீட்டை இரண்டு முறை நடத்துங்கள். ஒருமுறை நீங்கள் தமிழில் கேளுங்கள். இன்னொரு முறை பதியைச் சேர்ந்த ஒருவரை உட்காரவைத்து அதே கேள்விகளை வீட்டு மொழியில் கேட்கச் செய்யுங்கள். இரண்டு முடிவையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். செயலி ஒன்றைத்தான் ஏற்கும், நோட்டு உங்களுடையது. பின்னால் யார் வந்து ‘இதெல்லாம் எதற்கு’ என்று கேட்டாலும் அந்த நோட்டைப் போலப் பேசும் சான்று வேறு இல்லை. என்னை அதிகம் காப்பாற்றியது அதுதான்.

அடுத்தது எமிஸ் பதிவு, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் பதிவு. மாணவர் விவரத்தில் தாய்மொழிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் ‘தமிழ்’ என்றே இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை; சேர்க்கையின்போது பெற்றோரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதே வழக்கத்தில் இல்லை. இது சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணையில் இருளர் மொழி தனி மொழியாக இல்லை. தமிழ் என்ற தலைப்புக்குள் ஒரு தாய்மொழியாகச் சுமார் 12,000 பேருடன் அடங்கியிருக்கிறது. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர்களின் தொகையோ ஏறக்குறைய 1.9 லட்சம். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்துச் சமவெளி இருளர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள் என்பது உண்மை. இருந்தாலும் நீலகிரியிலும் கோவை மலைகளிலும் கேரளத்தின் அட்டப்பாடியிலும் அந்த மொழி அன்றாடம் புழங்கும் வீடுகளை நேரில் பார்த்த எனக்கு அந்த 12,000 நம்பும்படி இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது. ஏட்டில் அவன் தமிழ்ப் பிள்ளை என்று ஆகிவிட்டால் அவனுக்காக அந்தப் பிரிவை எடுத்துக்காட்டவே முடியாது. பெற்றோர் எழுதிக் கொடுக்கும் ஒரு வரியை வைத்து அந்தக் கட்டத்தைத் திருத்தக் கேளுங்கள். பட்டியலில் அந்த மொழியின் பெயர் வராவிட்டால் கோரிக்கையைக் கடிதமாகக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

‘அது கொச்சைத் தமிழ்தானே டீச்சர், தனி மொழியா?’ என்று உங்களிடமும் கேட்பார்கள். என்னிடம் கேட்டவர்களில் படித்தவர்களே அதிகம். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1970-களில் இருளர் மொழியை ஆராய்ந்து அதன் ஒலியமைப்பையும் இலக்கணத்தையும் எழுதியிருக்கிறார். தமிழுக்கு நெருங்கிய உறவுள்ள தென்திராவிட மொழி அது. நாக்கின் நடுப்பகுதியில் பிறக்கும் உயிரொலிகள் அதில் உண்டு. தமிழ் எழுத்தில் அவற்றுக்கு வடிவம் கிடையாது. இந்த விவரங்களைக் கையில் வைத்திருந்தால் வாக்குவாதம் சீக்கிரம் முடியும். முடியாவிட்டாலும் விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

வேலை என்றால் என்ன? நான் அந்த மொழியை முழுதும் கற்று, நானே அதில் பாடம் நடத்துவது நடக்கிற காரியம் இல்லை. பதியில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் இருந்தார். இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தில் தன்னார்வலராக மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு மாதம் 1,000 ரூபாய். பகலில் தோட்டக் கூலி. காலையில் வகுப்புக்கு வரச் சொன்னால் அவருக்குக் கூலி போய்விடும். எனவே மாதம் 3,000 ரூபாய் என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். இரண்டு கல்வி ஆண்டுகளில் அது மட்டும் 60,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அதைக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பதிவேட்டில் எங்கும் ஏறாத பணம் அது. ஒரு பெண் வகுப்பறைக்குள் வந்து போவதற்கு எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை என்பதே பின்னால் பெரிய சிக்கலானது. யாரையாவது வகுப்புக்குள் அழைப்பதானால் முதல் நாளுக்கு முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அவர்கள் பொறுப்பு என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அந்தத் திட்டத்தில் ‘வீட்டு மொழித் துணையாளர்’ என்று ஒரு வரி இருந்தால், நன்கொடையாக வரும் பணத்தை அதற்குச் செலவிடவும் வழி உண்டு.

காலை முதல் பாடவேளையில் அந்தப் பெண் இருளர் மொழியில் பேசுவார், கதை சொல்வார், கணக்குக்கான கேள்விகளைக் கேட்பார். அடுத்த பாடவேளையில் அதே பொருளை நான் தமிழில் எடுப்பேன். இருவரும் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியையும் கலப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். நான் சொல்வதை அவர் உடனுக்குடன் பெயர்த்துச் சொன்ன வாரங்களில் பிள்ளைகள் என் தமிழைக் காதிலேயே வாங்கவில்லை. எப்படியும் அக்கா சொல்வார் என்று காத்திருந்தார்கள். நேரத்தைப் பிரித்தபின் இரண்டையும் கவனித்தார்கள். இருமொழி வகுப்பை யார் நடத்தினாலும் இந்த ஒன்றை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கணக்கில் மாற்றம் தெரிந்தது. தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வந்தது, வந்தபின் நின்றது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் என்னிடம் தமிழில் சண்டை போடத் தொடங்கினான். அந்த மகிழ்ச்சியை எழுத எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்பு நான் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. பெற்றோர்களே வேண்டாம் என்றார்கள். ‘எங்கள் பேச்சு எங்களுக்குத் தெரியும் டீச்சரம்மா. அதைச் சொல்லிக்கொடுக்கவா பள்ளிக்கூடம்? தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுங்கள்’ என்று ஒரு பாட்டி கூட்டத்தில் எழுந்து சொன்னார். நான் உடைந்துபோனேன். ஆனால் அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் தங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களை அவர்கள் மறக்கவில்லை. தங்கள் பிள்ளையை மட்டும் தனியாகப் பிரித்து மட்டமான படிப்பைத் தருகிறார்களோ என்ற சந்தேகம் நியாயமான சந்தேகம். தாய்மொழிக் கல்வியின் மேன்மையைப் பற்றி அவர்களிடம் சொற்பொழிவு ஆற்றாதீர்கள். தமிழ் குறையாது என்று காட்டுங்கள். நாங்கள் அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளை விட்டு முதலில் தங்கள் மொழியில் ஒரு கதையைச் சொல்லச் செய்தோம், பிறகு பாடநூலிலிருந்து தமிழ்ப் பக்கத்தை வாசிக்கச் செய்தோம். தமிழ் வாசிப்பைக் கேட்டபின்தான் அவர்கள் முகம் தளர்ந்தது. ஊர்த் தலைவரான மூப்பனிடம் ஆரம்பத்திலேயே போய்ப் பேசி, அவர் வாயால் கூட்டத்தில் சொல்லவைப்பது நல்லது. வெளியூர் ஆசிரியை சொல்வதற்கும் அவர் சொல்வதற்கும் மதிப்பில் மலையளவு வித்தியாசம்.

கதைகளையும் பாட்டுகளையும் பாட்டிமார்களிடமிருந்து செல்போனில் பதிவு செய்தோம். ஒவ்வொரு முறையும் எதற்காகப் பதிகிறோம், யார் கேட்பார்கள் என்று சொல்லி அனுமதி வாங்கினோம். சாவுக்கும் சாமிக்கும் உரிய பாட்டுகளைப் பள்ளியில் வைக்கக்கூடாது என்றார்கள்; அவற்றைத் தொடவில்லை. அடுத்த பதியில் அதே கதையைக் கொஞ்சம் வேறு மாதிரி பேசினார்கள், எங்கள் பேச்சுதான் சரி என்று இரு பக்கமும் சொன்னது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கப் போகாதீர்கள். இந்தக் கதை இந்தப் பதியில் சொன்னபடி என்று போட்டுவிட்டால் சண்டை தீர்ந்துவிடும்.

அடுத்துப் பணம் போனது புத்தகத்தில். படங்களோடு ஒரு சின்ன வாசிப்புப் புத்தகம் போட நினைத்தோம். தமிழ் எழுத்தே போதும் என்று முடிவு செய்தோம், பிள்ளை நாளைக்குத் தமிழ் வாசிக்கத்தான் போகிறான். ஆந்திரத்தில் 2004-லும் ஒடிசாவில் 2006-லும் பழங்குடி மொழிகளில் பாடம் தொடங்கியபோது தெலுங்கு எழுத்தையும் ஒடியா எழுத்தையும் எடுத்துக்கொண்டதும் இதே காரணத்துக்காகத்தான் என்று பின்னால் படித்தேன். தமிழில் இல்லாத அந்த உயிரொலிகளுக்கு எழுத்தின்கீழ் ஒரு கோடு இடலாம் என்று வைத்தோம். கரும்பலகையில் அது அழகாக நின்றது. அச்சுக்குப் போனதும் தொல்லை தொடங்கியது. அச்சகக் கணினியில் இருந்தது யூனிகோடு இல்லாத பழைய எழுத்துரு. கோடு ஒரு வரியில் எழுத்தோடு ஒட்டியது, அடுத்த வரியில் விலகியது. திருத்தத் திருத்த வேறு இடத்தில் பிழை முளைத்தது. தட்டச்சுக்கும் பக்க வடிவமைப்புக்கும் 9,000 ரூபாய், அச்சுக்கு 38,000 ரூபாய். அதற்காக நகையை அடகு வைத்தேன். உங்களுக்குச் சொல்வது இதுதான்: முதல் ஆண்டு அச்சகத்தின் பக்கமே போகாதீர்கள். அந்தப் பெண் கையால் எழுதி, பிள்ளைகள் படம் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து நூல் தைத்தால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். எழுத்தில் புதிய குறிகளை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். எழுதியதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த, ஆனால் அந்த வேலையில் பங்கெடுக்காத ஓர் இருளர் இளைஞரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். குறி இல்லாமலே அவர் சரியாக உச்சரித்தால் அந்தக் குறி வேண்டியதில்லை. இந்தச் சோதனையில் எங்கள் கோடுகளில் பெரும்பாலானவை தேவையில்லை என்று தெரிந்தது.

புத்தகம் வந்த சில வாரங்களில் யாரோ புகார் அனுப்பினார்கள். அனுமதி இல்லாமல் பாடநூல் அச்சிட்டதாகவும், அதற்குப் பணம் வசூலித்ததாகவும், வெளியாளை வகுப்பு எடுக்க விட்டதாகவும் அதில் இருந்தது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒரு பைசாகூட யாரிடமும் வாங்காமல் நகையை வைத்துச் செய்த வேலைக்கு இந்தக் கேள்வி. அன்று இரவு வேலையை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பதில் எழுத ஒரு மூத்த ஆசிரியர் உதவினார். 350அ பிரிவு, ‘இயன்றவரை குழந்தையின் தாய்மொழியே பயிற்றுமொழி’ என்று சொல்லும் கல்வி உரிமைச் சட்டத்தின் 29(2)(ஊ) உட்பிரிவு, நான் சொன்ன அந்த இரட்டை மதிப்பீட்டு நோட்டு, அச்சகத்துக்குப் பணம் கட்டிய என் வங்கிக் கணக்கின் நகல் எல்லாவற்றையும் இணைத்தோம். மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் நடவடிக்கை இல்லாமல் முடிந்தது.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. நீங்கள் தயாரிப்பதைப் பாடநூல் என்று எங்கும் எழுதாதீர்கள். கற்றல் துணைக்கருவி என்று எழுதுங்கள். தொடங்கும் முன்பே மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் செயலாராய்ச்சியாகப் பதிவு செய்யப் பாருங்கள். அச்சில் எதைக் கொண்டுவருவதானாலும் முன்கூட்டியே துறைக்கு எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலைக் கையில் வையுங்கள். புத்தகத்தின் உரிமைப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போடாமல் கதை சொன்ன பதியின் பெயரைப் போடுங்கள். அது அவர்கள் சொத்து.

அப்பாவின் உடல்நிலை காரணமாக நான் ஊர்ப்பக்கம் மாறுதல் வாங்கி வந்துவிட்டேன். எனக்குப் பின் வந்தவருக்கு இந்த வேலையில் ஆர்வம் இல்லை. புத்தகங்கள் பீரோவுக்குள் போய்விட்டன என்று கேள்விப்பட்டபோது நெஞ்சு வலித்தது. ஆனால் வகுப்பு நிற்கவில்லை. நான் கிளம்புவதற்கு முன் மேலாண்மைக் குழுவில் போட்ட தீர்மானம் கூட்டப் பதிவேட்டில் இருக்கிறது. அதைக் காட்டி அந்தப் பெண் வாரத்தில் சில காலைகள் வகுப்புக்குப் போகிறார். பெற்றோர்களே அதைக் கேட்டு வாங்கினார்கள், அன்று வேண்டாம் என்ற பாட்டி உட்பட. புத்தகத்தைவிட ஆள் முக்கியம் என்பதை ஒடிசா அனுபவமும் காட்டுகிறது. அந்தந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களையே அங்கே மொழி ஆசிரியர்களாக அமர்த்தினார்கள். பக்கத்தில் வயநாட்டில் 2017-இல் கோத்ரபந்து என்ற பெயரில் பழங்குடி இளைஞர்களைப் பள்ளிகளுக்குள் வழிகாட்டி ஆசிரியர்களாகக் கொண்டுவந்தார்கள். நம் அரசு 2024-25 நிதிநிலை அறிக்கையில் தோடர், கோத்தர், சோளகர் முதலியோரின் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல காரியம். ஆவணம் காப்பகத்தில் இருக்கும், குழந்தை வகுப்பில் இருக்கிறது. வகுப்பில் நிற்க ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

அந்தப் பெண் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார். படித்து, தகுதித் தேர்வில் வென்று, பணி கிடைத்தாலும் அவரை எந்த மாவட்டத்துக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பழங்குடிப் பதிகளின் தொடக்கப் பள்ளிகளில் அந்த மொழி தெரிந்தவருக்கு முன்னுரிமை வேண்டும் என்று மேலாண்மைக் குழுவின் தீர்மான நகலோடு பள்ளிக் கல்வித் துறைக்கும் பழங்குடியினர் நலத் துறைக்கும் மனு அனுப்பியிருக்கிறோம். உங்கள் பள்ளியின் குழுவும் இதே தீர்மானத்தைப் போட்டு அனுப்பட்டும். ஒரு பள்ளி கேட்டால் மனு அலமாரிக்குப் போகும். நீலகிரி, கோவை, ஈரோடு மலைப்பள்ளிகள் சேர்ந்து கேட்டால் அவர்கள் பதில் எழுதியாக வேண்டும்.